கதவில்லாத ஜீப்பை ரிமோட்டில் பூட்டியது

ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்த பெண்ணை மருமகளாக எடுத்த வீட்டில் எந்த இயந்திரமும் நிம்மதியாக இருக்க முடியாது. மானாம்பதிக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, மிக்ஸி, தையல் மெஷின், கிணற்று மோட்டார் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். (கழற்றியதில் பெரும்பாலானவற்றைத் திரும்பவும் பூட்டினேன். என் வீட்டுக்காரர் அதைச் சொல்லமாட்டார்.)

மிச்சமிருந்தது மாமனாரின் ஜீப். இளவயதில் அவரும் அவர் தம்பியும் ராணுவ ஏலத்தில் சேர்ந்து எடுத்த வண்டி. கதவுகள் கிடையாது. மேலே கித்தான் கூரை. அது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது அங்கே பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, அது போன பிறகு தொடர்வார்களாம். அப்படி ஒரு சத்தம். நான் வருவதற்கு முன்பே அதன் இன்ஜின் இறுகிப்போய், வண்டி மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நின்றுவிட்டது. கோழிகள் அதில் முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

அண்ணன் தம்பி இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கிணற்றுத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவதில் தொடங்கிய சண்டை. சின்ன மாமனார் கோபித்துக்கொண்டு திருமுக்கூடலில் மனைவி வீட்டுப் பக்கமே போய்விட்டார். நல்லது கெட்டதுக்குக்கூட இரண்டு வீடும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. திடீரென்று ஒருநாள், சின்ன மாமனார் நெஞ்சில் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டார் என்று செய்தி வந்தது. மாமனார் சாப்பிடாமல் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஏம்மா கலை, அந்த ஜீப்ப ஓட வெக்க முடியுமா?"

"எங்க போறதுக்கு மாமா?"

"திருமுக்கூடலுக்குத்தான். பஸ்ல போயி எறங்குனா நானா எறங்கி வந்த மாரி ஆயிடும். ஜீப்புல போனா சத்தத்தக் கேட்டு அவனே வெளிய வருவான். அவனுக்கு அந்தச் சத்தம் தெரியும்."

இதில் முக்கியமான சொல் சத்தம். என் காதில் விழுந்த சொல் ஜீப்.

பழைய இன்ஜினையே செப்பனிட்டிருக்கலாம். ஆனால் டிப்ளமோ படித்தது அதற்கா? பழைய ஜீப்பில் இன்றைய டீசல் இன்ஜினைப் பொருத்தும் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். அதில் வருகிறவர்கள் காலையில் ஆரம்பித்து மாலையில் மலையேறிவிடுகிறார்கள். வாலாஜாபாத்தில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் நசீர் பாயிடம் போனேன். பின்பக்கம் நசுங்கிய ஒரு புது மாடல் கார் கிடந்தது. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"முழு வண்டியா எடுத்துக்கம்மா. இன்ஜின மட்டும் எடுத்துக்கினு போனா அப்பால பேஜாரு" என்றார் பாய்.

வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். (வியாபாரத்துக்காகவும்தான் சொன்னார்.)

"இன்ஜினு, அதோட கம்ப்யூட்டரு, ஒயரு, சாவி. இவ்ளோதான் பாய். மத்ததெல்லாம் எனக்கு எதுக்கு?"

உத்திரமேரூரில் மெக்கானிக் ஏழுமலையின் ஷெட்டில் வேலை தொடங்கியது. அவருக்கும் இது முதல் அனுபவம். என்னைப் பொறியாளர் என்று நினைத்து அவர் என்னைக் கேட்டார். அவரை அனுபவசாலி என்று நினைத்து நான் அவரைக் கேட்டேன். புது இன்ஜினும் பழைய கியர்பாக்ஸும் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நடுவில் ஒரு கனத்த இரும்புத் தகட்டைத் துளைபோட்டு வைத்துச் சேர்த்தோம். ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ளியதில் ஜீப்பின் மூக்கு கொஞ்சம் புடைத்துக்கொண்டது. கம்ப்யூட்டர் பெட்டியைத் தண்ணீர் படாமல் எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்து சீட்டுக்கு அடியில் கட்டினேன். ஏழுமலை ஆசைப்பட்டு லாரி ஹாரன் ஒன்றை மாட்டினார்.

முதல் தடவை சாவியைத் திருப்பியதுமே இன்ஜின் பிடித்துக்கொண்டது. பிடித்தது தெரியாமல் ஏழுமலை இன்னொருமுறை திருப்பி, கறகறவென்று பல்லைக் கடிக்க வைத்தார். மாமனார் பானெட்டில் காதை வைத்துப் பார்த்தார்.

"ஓடுதா?"

"ஓடுது மாமா."

"சத்தத்தையே காணோமே."

"அதான் மாமா மாடர்ன் இன்ஜின்!"

அவர் மறுபடி ஒருமுறை காதை வைத்துப் பார்த்தார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். மாமனார் வெள்ளை வேட்டி சட்டையில், மடியில் ஆரஞ்சுப் பழப் பையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. திருமுக்கூடலில் சின்ன மாமனாரின் வீடு ஒரு குறுகலான தெருவில் இருந்தது. இரும்பு கேட் சாத்தியிருந்தது. கேட்டுக்கு நேராக நிறுத்தினேன். யாரும் வெளியே வரவில்லை. படுத்திருந்த நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை.

"ஹாரன் அடிக்கட்டுமா மாமா?"

"ஆரன் அடிச்சிக் கூப்புட நான் இன்னா கேஸ் சிலிண்டரா எடுத்தாந்துகீறேன்? இரு. வருவான்."

இருந்தோம். வரவில்லை. பழப் பையின் மேல் மாமனாரின் விரல்கள் தாளம் போட ஆரம்பித்தன. இறங்கிப் போய்க் கேட்டைத் தட்டும் உத்தேசம் அவருக்கு இல்லை. எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பழய ஜீப்பு, ஆனா சாவியப் பாருடா, காரு சாவி மாரி கீது" என்றான் ஒருவன்.

அது போதுமே எனக்கு. இன்ஜினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன். நான்கு அடி நடந்து, பட்டணத்துக்காரர்கள் செய்வதுபோல, திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேல் கையை நீட்டி ரிமோட்டை அழுத்தினேன். இண்டிகேட்டர்கள் கண் சிமிட்டின. கதவே இல்லாத வண்டியை, உள்ளே மாமனார் உட்கார்ந்திருக்கும்போதே, பூட்டிவிட்டேன்.

வீட்டில் இத்தனை நாளும் அந்தப் பித்தானைத் தொட்டதில்லை. டிபன் டப்பாவுக்குள் இருந்த கம்ப்யூட்டருக்குத் தான் ஜீப்புக்கு வந்துவிட்டது இன்னும் தெரியாது. பூட்டச் சொல்லி உத்தரவு வந்தது. கதவு மூடியிருப்பதாகத் தகவல் வரவில்லை. பூட்டிய வண்டியில் கதவு திறந்திருந்தால் அது யார்? திருடன். லாரி ஹாரன் அலற ஆரம்பித்தது.

பதறித் திறக்கும் பித்தானை அழுத்தினேன். நின்றது. மூச்சுவிட்டேன். திறந்துவிட்டும் யாரும் கதவைத் திறக்கவில்லையே என்று கம்ப்யூட்டர் சற்று நேரம் யோசித்து, தானாகவே மறுபடி பூட்டிக்கொண்டது. மறுபடி கதவு திறந்திருந்தது. மறுபடி திருடன். மறுபடி அலறல்.

"டேய், எவனோ ஜீப்பத் தூக்கறாண்டா!" என்று, சத்தம் மட்டும் கேட்டவர்கள் தெருக்கோடியிலிருந்து ஓடிவந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு அகப்பட்டது வண்டிக்குள் உட்கார்ந்திருந்த மாமனார்தான். "யோவ் பெர்சு, எறங்குயா கீய!" என்று ஒருவன் அவர் கையைப் பிடித்தான். ஆரஞ்சுப் பழங்கள் தெருவில் உருண்டன. நான் கத்தியது எதுவும் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தெருவோடு சேர்ந்து பூமி என்னையும் விழுங்காதா என்றிருந்தது.

இரும்பு கேட் திறந்தது. லுங்கியோடு, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சின்ன மாமனார் நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். உள்ளே இருந்தவரைப் பார்த்தார்.

"டேய், கைய எடுங்கடா! அது எங்க அண்ணன்!"

ஏழுமலை கட்டிய பேட்டரி ஒயரை நான் பிடுங்கி எறிந்ததும் சத்தம் நின்றது. அந்த அமைதியில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இன்னாண்ணா, நம்ம வண்டி இப்பிடிக் கத்துது?"

"மருமகளக் கேளு. டிப்ளமா" என்றார் மாமனார்.

ஒயரை மாட்டினால் அலறியது. கழற்றினால் வண்டி கிளம்பவில்லை. பின்னால் பால் வேன் வந்து, வழிவிடச் சொல்லி நின்றது. "உள்ள தள்ளுங்கப்பா" என்றார் சின்ன மாமனார். கூப்பிடாமல் அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று இருந்த மாமனார், வண்டியைத் தள்ளுகிற சாக்கில் முதல் ஆளாக இறங்கித் தோள் கொடுத்தார். இந்தப் பக்கம் தம்பியும் வந்து கையை வைத்தார்.

"டேய், ஆப்ரேசன் பண்ணவன் நீ! தள்ளாதடா!"

"நீ மட்டும் இன்னா கொமரனா? ஒத்து, வழி வுடு."

இப்படித் திட்டிக்கொண்டே இருவரும் கேட்டைத் தாண்டினார்கள். கறிக்குழம்பு வாசனை வரும்வரை உள்ளே திட்டு தொடர்ந்தது. நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, வேலை இருப்பதுபோல் நின்றேன்.

நசீர் பாய்க்கு போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டுச் சிரித்து முடிக்கவே அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. "அது காருன்னு நெனச்சிக்கினு கீதும்மா. அதுக்கு ஒரு கதவு குட்த்துடு" என்று, அதே காரின் டிரைவர் பக்கத்துக் கதவை மினி வேனில் அனுப்பினார். கதவை ஜீப்பின் பின்சீட்டில் படுக்கவைத்து, ஒயரை இணைத்து, கைப்பிடியை இழுத்துத் திறந்து மூடினேன். கம்ப்யூட்டர் திருப்தியானது. இன்ஜின் சத்தமில்லாமல் கிளம்பியது. வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு வலித்த கைதட்டல் வேறில்லை.

இரண்டு ஒயர்களை முறுக்கிவிட்டால் கதவே தேவையில்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். சொன்னதும் அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள். இன்றும் எங்கள் ஜீப் பின்சீட்டில் ஒரு கதவோடுதான் போகிறது. சின்ன மாமனார் வந்தால் அதன் பக்கத்தில்தான் உட்காருவார். யாராவது வழியில் நிறுத்தி, "இன்னாது பெருசு, கதவ எங்க எடுத்துக்கினு போறீங்க?" என்று கேட்டால் போதும்.

"மத்த வூட்டு மருமவளுங்கல்லாம் சீரா கட்டிலு பீரோ கொண்டாந்தாளுங்க. எங்கண்ணன் மருமவ கதவு கொண்டாந்துச்சி" என்பார்.

என் அம்மா வீட்டில் நிஜமாகவே பீரோ கொடுத்தார்கள். அதை இப்போது ஒருவரும் நம்புவதில்லை.