எட்டு மணிக்கு இறங்க வேண்டிய பிளேன்

எனக்கு வயசு எழுபத்தெட்டு. பெத்தது நாலு, வளத்தது அஞ்சு (அஞ்சாவது எங்க ஊட்டுக்காரர்). எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனா நெம்பர்ல என்னை யாரும் ஏமாத்த முடியாது. காங்கேயத்துல எந்த பஸ் எப்ப வரும்னு கண்டக்டரே என்னைக் கேட்டுட்டுப் போவார். அந்தத் திமிருதான் என்னைக் கவுத்துப்போட்டுது.

தொண்ணூத்தி ஏழுல கடைசிப் புள்ள சுமதி, கல்யாணமான மூணாம் மாசம், புருஷங்கிட்டப் போறதுக்குத் தனியாப் பிளேன் ஏறினா. டிக்கெட்டை நானே வாங்கிப் பார்த்தேன். மெட்ராஸ்ல சாயங்காலம் ஆறு, நியூயார்க்ல மறுநாள் காலையில எட்டு. விரல் விட்டு எண்ணினேன். பதினாலு மணி நேரம்.

"ஏனுங்கக்கா, பதிமூணாயிரம் கிலோமீட்டருக்கு மேலயாமா. அத்தன சீக்கிரமாப் போயிருமுங்களா?" என்றாள் பக்கத்து ஊட்டு சரசு.

"அது என்ன டவுன் பஸ்ஸா, ஆளுக்கு ஆள் நிறுத்தி ஏத்தறதுக்கு?"

"எறங்கினதும் போன் பண்றேம்மா" என்று சுமதி சொல்லிப் போயிருந்தாள். காலையில ஏழுக்கே குளிச்சுட்டுப் போன் பக்கத்துல உக்காந்தேன். எட்டாச்சு. ஒம்பதாச்சு. பத்துக்குப் போன் மணி அடிச்சுது. எண்ணெய் மில்காரர், தேங்காய் லோடு எப்பங்கன்னு கேட்டார்.

"போனை வைங்க! என்ற புள்ள ஆகாசத்துல நிக்கறா!"

எங்க ஊட்டுக்காரர் மெதுவாக் கேட்டார். "அம்மணி, அது கடலு மேலதானே போகுது?"

மத்தியானம் அடுப்புப் பத்த வெக்கலை. ரெண்டு மணிக்குக் கருமத்தம்பட்டியில இருந்து என்ற தங்கச்சி கார் புடிச்சு வந்து, முந்தானையை வாயில வெச்சுட்டு உக்காந்தா. நெனச்சதை யாரும் வாய் விட்டுச் சொல்லலை. அதுதான் தாங்க முடியலை.

நாலு மணிக்கு எந்திரிச்சுக் கத்துனேன். "பழனி முருகா! என்ற புள்ள குரலைக் கேட்டாப் போதும், இவரைக் கூட்டியாந்து மொட்டையடிச்சு, மீசையையும் எடுத்துப்போடறேன்!"

"மீசை எதுக்கு அம்மணி?" அவர் ரெண்டு கையாலயும் மீசையைப் பொத்திட்டார் (ஊர்ல அதுக்கு அவ்வளவு பேரு).

"புள்ள வேணுமா, மீசை வேணுமா?"

கையை எறக்கிட்டார். கண்ணு கலங்கியிருந்துது. "எடுத்துக்கட்டும்" என்றார்.

ஆறு மணிக்குப் போன் அடிச்சுது.

"அம்மா, எறங்கிட்டேன். சொன்ன மாதிரியே எட்டு மணிக்கு!"

"எட்டா? இங்க பொழுதே உழுகுதடி! இத்தன நேரம் எங்கடி போன?"

"இங்க காலையில எட்டரைம்மா. நாட்டுக்கு நாடு மணி வேற. டிக்கெட்டுல அந்தந்த ஊரு மணியைத்தான் போடுவாங்க. மொத்தம் இருவத்தி மூணரை மணி நேரமாச்சு."

தங்கச்சி அழுத வாயோட சிரிச்சா. எங்க ஊட்டுக்காரர் எந்திரிச்சுப் போயி, கண்ணாடியில மீசையை ஒருக்காப் பார்த்துட்டு வந்தார்.

வேண்டினது வேண்டினதுதான். பழனியில எடுத்த போட்டோ இன்னும் சுமதி ஊட்டுல மாட்டியிருக்குது. அவர் மீசையில்லாம மொட்டையோட, பக்கத்துல நான் தலை நெறையப் பூவோட. இன்னைக்கும் நான் பழனி பஸ்ஸுக்கு நேரம் சொன்னாக்கூட, "அது எந்த ஊரு மணி, அம்மணி?" என்று கேக்காம அவர் செருப்புப் போடறதில்லை.

நித்யாக் கண்ணு, எங்கே, பாட்டி சொல்லச் சொல்ல நீ எழுதினதைப் படிச்சுக் காட்டு. மெதுவாப் படி. உள்ள உங்க தாத்தா தூங்கறாரு. முருகன் பேரு காதுல உழுந்தா, மீசையைப் பொத்திட்டு எந்திரிச்சுருவாரு.