பொட்டு வைத்த ரியாக்டர்

நான் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. ஆனால் ஒரே ஒரு பொய்க்குத்தான் சாட்சிகள் லட்சக்கணக்கில் திரண்டு வந்தார்கள். அத்தனை பேரும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னவர்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. மறைமலைநகரில் ரத்தப் பரிசோதனைக்கான பிளாஸ்டிக் மணிகள் செய்யும் கம்பெனியில் நான் புதிய கெமிஸ்ட். வேலை நிரந்தரமானால்தான் கல்யாணம் என்று செங்கல்பட்டில் அமுதாவின் அப்பா சொல்லியிருந்தார். நான் தனியாகச் செய்யும் முதல் பேட்ச் உருண்டையாக வந்தால்தான் நிரந்தரம் என்று மேனேஜர் சாரதா மேடம் சொல்லியிருந்தார்.

வேலை எளிது. ரியாக்டர் என்ற பெரிய மூடுகலத்தில், விதையாகப் போட்ட குட்டி மணிகள் மிதக்கும் சூடான தண்ணீரில், ஸ்டைரீன் என்ற திரவத்தைச் சொட்டுச் சொட்டாக ஆறு மணி நேரம் விட வேண்டும். விழ விழ அது மணிகளின் மேல் சமமாகப் படிந்து இறுகும்.

நான் ஆரம்பித்த அன்று ஆயுத பூஜை. (காலண்டர் பார்க்கும் பழக்கம் அப்போது இல்லை.) பூஜைக்காகப் பதினொரு மணிக்கே எல்லா ஹீட்டரையும் அணைத்துவிட்டார்கள். எப்படியும் உள்ளே போக வேண்டியதுதானே என்று மீதி ஸ்டைரீன் முழுவதையும் ஒரே மூச்சில் ஊற்றி மூடினேன். உள்ளே கலக்கும் விசிறி மட்டும் மெதுவாகச் சுற்றட்டும் என்று விட்டுவிட்டு, ரியாக்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கப் போனேன்.

ஆபரேட்டர் ஏழுமலை அண்ணன் என் கையைப் பிடித்தார். "வோணாம் சார். அது வவுத்துல வச்சிகினு கீது. காலி பண்ணிட்டுத்தான் பொட்டு வெக்கணும்."

சிரித்துக்கொண்டே வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. ஆளில்லாத ஷெட்டில் அந்த விசிறி இரவு முழுக்கத் தானாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ரியாக்டரின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெறும் பால் வெள்ளை. அதில் என் முகம் மட்டும் தெரிந்தது. உள்ளிருந்து எதுவோ என்னையும் பார்ப்பதுபோல் இருந்தது. நல்ல நாள்தானே என்று ஹீட்டரைப் போட்டேன்.

பேட்ச் முடிந்ததும், மணிகளைச் சோதிக்க மேடம் என்னை அழைத்துப்போனது மாமல்லபுரத்துக்கு அந்தப் பக்கம், கடலோரத்தில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்துக்கு. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருந்த அறை பட்டப்பகலிலும் கும்மிருட்டு. சுவருக்கு வெளியே அலைச் சத்தம். பச்சைத் திரையில் முதல் மணி மெல்ல எழுந்தது. பெரிய உடம்பு, அதன்மேல் சின்னத் தலை. பக்கத்தில் இன்னொன்று. மேடம் குமிழைத் திருகத் திருக, போன இடமெல்லாம் அவையே நின்றன. ஒன்றுகூட உருண்டை இல்லை.

சொட்டுச் சொட்டாகத்தானே விட்டீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"நீங்க ஆமாங்கறீங்க. இவங்க இல்லைங்கறாங்களே."

முதுகலை வேதியியல் படித்த நான், வாழ்நாளில் மறக்க முடியாத கேள்வியைக் கேட்டேன்: "பொட்டு வெச்சதாலயா மேடம்?"

மேடம் திரையை விட்டு என் பக்கம் திரும்பினார். "எம்.எஸ்ஸி.ல எத்தனை மார்க்கு?"

பிறகு பொறுமையாக விளக்கினார். விதை மணி ஒவ்வொன்றும் இறுக்கமாகப் பின்னிய வலை. இரவு முழுக்க ஸ்டைரீனைக் குடித்து ஊதியிருக்கிறது. சூடு ஏறியதும் வலை சுருங்கி, குடித்ததை ஒரு பக்கமாகப் பிதுக்கித் தள்ளியிருக்கிறது. தள்ளியது அங்கேயே இறுகித் தலையாகிவிட்டது. மணியின் உருவத்தைப் பார்த்தாலே அது எப்படி வளர்ந்தது என்று தெரிந்துவிடும் என்றார். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கம்பெனிக்குத் திரும்பியதும் ஏழுமலை அண்ணனிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன்ல சார்."

நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. கல்யாணமும்தான். காரணத்தை மாமனாரிடம் நானே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. கதவுக்குப் பின்னால் அமுதா சிரித்த சத்தம் இன்னும் ஓயவில்லை.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் குங்குமச் சிமிழோடு வாஷிங் மெஷின் முன்னால் நின்று, ஏழுமலை அண்ணன் குரலிலேயே அமுதா கேட்கிறாள்: "வவுத்துல ஒண்ணும் இல்லியே?" பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனாலும் மூடியைத் திறந்து பார்க்காமல் பொட்டு வைக்கவிடுவதில்லை.

போன வருஷம் உள்ளே என் பனியன் ஒன்று கிடந்தது, இரவு முழுக்க ஊறியபடி. எல்லோரும் போன பிறகு எடுத்து விரித்துப் பார்த்தேன். நல்லவேளை, ஒரே ஒரு கழுத்துதான்; இரண்டாவது தலைக்கு எதுவும் முளைத்திருக்கவில்லை.