வாசக்கதவு வண்டியேறியது

கண்ட்ராக்டர் தனகோட்டி கூலியைக் கொடுக்காதவரை அந்த வாசக்கதவை வீட்டை விட்டு அனுப்புவதில்லை என்று தச்சன் மதலைமுத்து சபதம் செய்தபோது, அவன் மனைவி ஜோசப்பின் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

சிங்கவரத்தில் அமிர்தவல்லியம்மாள் கட்டும் புது வீட்டுக்கான கதவு அது. ஜன்னலெல்லாம் செய்து மாட்டியாயிற்று. கூலி கேட்டால், அந்தம்மா இன்னும் கொடுக்கவில்லை என்பார் தனகோட்டி. கூடவே காபி வாங்கிக் கொடுத்து, உன் கைக்குச் செஞ்சிக்கோட்டைக்கே கதவு போடலாம் என்பார். இவன் பணத்தை மறந்து மீசையைத் தடவிக்கொண்டு வந்துவிடுவான்.

இந்த முறை அப்படியில்லை. கதவைத் தரையில் கிடத்தி, அதன்மேல் பாயை விரித்துப் படுத்துக்கொண்டான். கிரகப்பிரவேசம் நெருங்கிவிட, தனகோட்டியே தேடி வந்தார். விசேஷம் முடிந்ததும் தந்துவிடுவதாகச் சொன்னார். மதலைமுத்து படுத்தபடியே மறுத்தான்.

"உன்ன மாதிரி வேலக்காரன் இந்த ஜில்லாவுலயே கெடையாது, மதலை."

மதலைமுத்து எழுந்து உட்கார்ந்தான். உள்ளே ஜோசப்பின் சொம்பை நங்கென்று வைத்தாள். மறுபடி படுத்துக்கொண்டான்.

மறுநாள் நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவது என்று கடைத்தெருவுக்குப் போனான். தனகோட்டியைப் பிடித்து நிறுத்தித் தொண்டை கட்டும்வரை கேட்டான். உழைத்ததைத்தான் கேட்கிறேன், பிச்சை கேட்கவில்லை என்றான். டீக்கடை பெஞ்சே எழுந்து நின்றது. தனகோட்டி சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். சாயங்காலம்வரை டீக்கடையில் அதையே பேசிவிட்டு வெற்றியோடு வீட்டுக்கு வந்தால், பாய் மட்டும் கிடந்தது.

"கதவு எங்கடி?"

மாட்டுவண்டி பிடித்துச் சிங்கவரத்துக்குக் கொண்டுபோனதாகச் சொன்னாள். அந்தம்மா எப்போதோ பணம் கொடுத்துவிட்டாளாம். அதைத் தச்சன் வாங்கிக் குடித்துவிட்டான் என்று தனகோட்டி சொல்லி வைத்திருந்தாராம். இன்றைக்கும் கோள் சொல்லத்தான் சைக்கிளில் அங்கே போய் இறங்கியிருக்கிறார். வண்டியில் கதவும், கதவின்மேல் ஜோசப்பினும் உட்கார்ந்திருந்தபடியால், அந்தம்மா எதிரிலேயே மொத்தத்தையும் எண்ணி வைக்க வேண்டியதாயிற்று.

மதலைமுத்துவுக்குச் சந்தோஷத்தைவிட ரோஷம்தான் முதலில் வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா? நானும் வந்திருப்பேன்ல?"

"நீங்க வந்திருந்தா அவரு உங்கள புகழ்ந்திருப்பாரு."

ஜோசப்பின் முந்தானை முடிச்சை இறுக்கிக்கொண்டு, அந்தம்மா மாட்டுக்கொட்டகை வேலையைத் தன்னிடமே கண்ட்ராக்டாகக் கொடுத்துவிட்டதைச் சொன்னாள்.

"காலையில நேரத்தோட வேலைக்கி வந்துடுங்க. இல்லனா நான் வேற ஆள பாத்துக்குவேன்."