மூன்று முறை, சில நாள் நான்கு

பொங்கலுக்கு மறுநாள் காலை, பல் தேய்த்த கையோடு முத்துவேல் ஒரு சபதம் எடுத்தார். செத்து அறுபது வருடமான ஓர் அமெரிக்க சாக்சபோன்காரரின் ஒன்றே முக்கால் நிமிட வாசிப்பைக் காதால் கேட்டே எழுதி எடுப்பது. அதை அப்படியே வாசிப்பது. தொண்ணூறு நாள் கெடு.

சபதத்தைக் கேட்க வீட்டில் இருந்தது மனைவி செல்வலட்சுமி மட்டும். அவள் வாயில் அப்போது நான்கு குண்டூசிகள் இருந்தன. அதனால் உடனே எதிர்ப்பு வரவில்லை. அதை முத்துவேல் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஊசிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"ஒன்றே முக்கால் நிமிஷத்துக்குத் தொண்ணூறு நாளா?"

"அது எழுதி வச்சு வாசிச்சதில்ல செல்வி. அந்த நேரத்துல மனசுல தோணினதை அப்படியே ஊதினது."

"அவரு யோசிக்காம ஊதினதை நீங்க யோசிச்சு யோசிச்சு எழுதப் போறீங்க."

"ஜாஸை அப்படித்தான் கத்துக்கணும். பெரிய ஆளுங்க வாசிச்சதைக் கேட்டு எழுதணும்."

"அவரு யாரைக் கேட்டு எழுதினாராம்?"

முத்துவேல் சாயா குடிக்கக் கீழே இறங்கிவிட்டார்.

கீழே என்றால் சுக்குக் கிடங்கு. கொச்சியின் கொச்சங்காடியில் அந்தக் கிடங்குக்கு மேலே இருந்த இரண்டு அறைதான் வீடு. கிடங்கில் அவர் மேற்பார்வையாளர். இளமையில் எர்ணாகுளத்தில் ஒரு கல்யாண பேண்டில் சாக்சபோன் ஊதினார். பேண்டு கலைந்தது. சாக்சபோன் கலையவில்லை.

முன்னறை பெரியது, ஜன்னலும் வெளிச்சமும் உள்ளது. அதில் ஒரு நாற்காலி, ஒரு சாக்சபோன், ஒரு முத்துவேல். பின்னறை சின்னது. அதில் கட்டில், பீரோ, தையல் மெஷின், ஊரார் பிளவுசுத் துணி, இவற்றுக்கு நடுவில் எங்கோ செல்வலட்சுமி. இரண்டு வருடமாக அவள் கேட்டது முன்னறையை. இன்னொரு மெஷின் போட வேண்டும், துணி வெட்ட ஒரு மேசை போட வேண்டும். விஷு முடிந்தால் கல்யாண சீசன். போன சீசனில் இடமில்லாமல் வந்த துணியில் பாதியைத் திருப்பி அனுப்பினாள். முத்துவேலின் பதில் எப்போதும் ஒன்றுதான்: "கலைக்கு ஓர் அறை வேணும் செல்வி."

ஜாஸ் எழுதி எடுக்கும் முறையை அவர் ஒரு தாடிக்காரரின் வீடியோவில் கற்றார். நாலு நாலு தாளமாகக் கேட்க வேண்டும். கேட்டதை முதலில் வாயால் பாட வேண்டும். பாட வந்தால்தான் ஊத வேண்டும். ஊத வந்தால்தான் எழுத வேண்டும். அச்சில் கிடைக்கும் நொட்டேஷனைப் பார்ப்பது பாவம். பாவங்களின் பட்டியலில் முத்துவேல் தாமாகவே செல்போனையும் சேர்த்துக்கொண்டார். போனில் கேட்டால் மூச்சு வராதாம், இசைத்தட்டில்தான் வருமாம். யூதத் தெருவான ஜூ டவுன் பக்கத்துப் பழம்பொருள் கடையில் தட்டும் கிடைத்தது, நாலு வேகத்தில் சுற்றும் பழைய ரெக்கார்ட் பிளேயரும் கிடைத்தது.

அந்த நாலாவது வேகத்தில்தான் சனி இருந்தது. முப்பத்துமூன்றில் சுற்ற வேண்டிய தட்டைப் பதினாறில் சுற்றவிட்டால் பாட்டு பாதி வேகத்தில் வரும், சுரங்கள் தெளிவாகப் பிரியும். கூடவே சாரீரம் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு சகீலா கதவைத் தட்டினாள்.

"லட்சுமிக்கா, எங்க வீட்டுக்காரரு கேட்டுட்டு வரச் சொன்னாரு. மாடியில மாடு எப்படி ஏறிச்சு?"

"மாடு இல்ல சகீலா. நியூயார்க்காரர். மெதுவா வாசிக்கிறாரு."

"பாவம். சுகமில்லையா?"

"செத்தே அறுபது வருஷம்."

சகீலா அந்த அதிர்ச்சியிலிருந்து மீண்டு தன் வீட்டுக் கதவைச் சாத்தச் சிறிது நேரம் பிடித்தது.

வேலை நடந்தது. காலையில் கிடங்கு திறக்குமுன் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். குளியலறையில் பாட்டு, முன்னறையில் ஊதல், பிறகு நோட்டில் எழுத்து. சரிகமபதநியை மலையாள எழுத்தில் எழுதினார். படித்தது மட்டாஞ்சேரிப் பள்ளிக்கூடம், கைக்கு வந்தது அதுதான். செல்வலட்சுமி கோவில்பட்டிக்காரி. இத்தனை வருடமாகியும் மலையாளம் பேசுவாள், படிக்கமாட்டாள். நோட்டை அவளால் சரிபார்க்க முடியாது என்பதில் முத்துவேலுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அவளுக்குக் காது இருந்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

நாற்பத்தோராம் நாள் காலை அவர் அடுப்படிக்கு ஓடி வந்தார்.

"செல்வி! காது பழுத்துடுச்சு!"

"எந்தக் காது? சீழ் வருதா?"

"ஞானம் வந்திருக்குடி! அந்த நடு இடம் இருக்கே, எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், ஒண்ணும் தெரியல. நேத்துதான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன். இப்பத்தான் விழுது. ஒரே வாசகத்தைத் திருப்பித் திருப்பி ஊதுறான்! அதுவும் முடிக்காம. ஒவ்வொரு தடவையும் பாதியில கத்திரிச்ச மாதிரி நிறுத்துறான். திரும்ப முதல்லேருந்து எடுக்குறான். என்ன தைரியம்!"

செல்வலட்சுமிக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்தாள்.

"எத்தனை தடவை?"

"நேத்து மூணு. இன்னைக்கு நாலு."

"ஒரே தட்டுதானே?"

"ஒரே தட்டுதான்."

"பின்ன எப்படி நேத்து மூணு, இன்னைக்கு நாலு?"

"அதான் ஜாஸ்!" முத்துவேலின் கண் கலங்கியிருந்தது. "ஒரு தடவை வாசிச்ச மாதிரி மறு தடவை வாசிக்க மாட்டான்!"

செல்வலட்சுமி அவரை நெடுநேரம் பார்த்தாள். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்தது அதுவே முதல்முறை. பிறகு எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சகீலா! கொஞ்சம் வந்துட்டுப் போ. ஒரு சாட்சி வேணும்."

சகீலா வந்தாள். செல்வலட்சுமி பந்தயத்தைச் சொன்னாள்.

"அனில் காபிக்கடையில ஞாயித்துக்கிழமை ஜாஸ் வாசிக்கிறாங்களே, அங்க விஷுவுக்கு முந்தின ஞாயிறு நீங்க இதை வாசிக்கணும். அந்த வெள்ளைக்காரர் வாசிச்சதுல ஒரு சுரம் குறையக் கூடாது. ஒரு சுரம் கூடவும் கூடாது. சரியா வந்துச்சுன்னா இந்த ஜென்மத்துல முன்னறையைக் கேக்கமாட்டேன். உங்க ஜன்னலுக்குத் திரையும் தைச்சுத் தர்றேன்."

"தப்பினா?"

"முன்னறை எனக்கு. சாக்சபோன் மாடிப்படிக்கு."

"குறையறது சரி. கூடறது எப்படிடி கூடும்?"

"சும்மா சொல்லி வச்சேன்."

முத்துவேல் யோசித்தார். "சரியா வந்துச்சான்னு யார் சொல்றது?"

"எனக்கென்ன தெரியும் ஜாஸைப் பத்தி? நீங்களே சொல்லுங்க. நாலு பேர் முன்னால உங்க வாயால சொன்னா போதும்."

தன் வழக்குக்குத் தானே நீதிபதி! முத்துவேல் சிரிப்பை அடக்கிக்கொண்டு கை நீட்டினார். செல்வலட்சுமி மாவுக்கையால் அதைத் தொட்டாள். சகீலா மட்டும், "அக்கா, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று பரிதாபமாகக் கேட்டாள்.

அனிலின் காபிக்கடை படகுத்துறைக்குப் பக்கத்தில், ஒரு பழைய மிளகுக் கிடங்கில் இருந்தது. ஞாயிறு மாலைகளில் அங்கே மேசைகளை ஒதுக்கிவிட்டு ஜாஸ் வாசிப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் இருந்தார்கள். பியானோவில் அபிராம், களமசேரியில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஆள், தலை நரைக்கத் தொடங்கியவர். மூன்றாவது வரிசையில் செல்வலட்சுமியும் சகீலாவும். சகீலாவின் கணவர் மஜீத் வரவில்லை. ஏதோ ஒரு பாரம் தூக்கும் வேலை என்றார்கள்.

ஐந்தரைக்கு முத்துவேல் சாக்சபோனை எடுத்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். நன்றாகவே ஊதினார். சுக்குத் தூசி ஏறிய நெஞ்சில் அவ்வளவு மூச்சு இருக்கும் என்று கடைக்காரர் அனிலே எதிர்பார்க்கவில்லை. நடு இடம் வந்தது. அந்த வாசகம், பாதியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து, பாதியில் நின்றது. மூன்றாவது முறை முன்வரிசையில் ஒருவர் நாற்காலி நுனிக்கு வந்தார். நாலாவது முறை யாரோ விசிலடித்தார். முத்துவேலுக்கு அருள் வந்துவிட்டது. ஐந்தாவது முறையும் நிறுத்தினார். கிடங்கு அதிர்ந்தது.

முடிந்ததும் அபிராம் பியானோவை விட்டு எழுந்து வந்தார்.

"அண்ணா, இந்த சோலோவை நானும் எழுதி எடுத்திருக்கேன். எனக்கு மனப்பாடம். அந்த நடுவுல வெட்டி வெட்டி வருதே, அந்த இடம் இதுல இல்லையே?"

முத்துவேலின் காலுக்குக் கீழே தரை ஒரு படி இறங்கியது.

"இல்லையா?"

"கேளுங்க."

அபிராம் போனில் போட்டுக் காட்டினார். அதே ஆள், அதே மூச்சு. நடு இடம் வந்தது. வாசகம் ஒரே ஒரு முறை வந்தது, தானே முடிந்தது, தன் வழியே போனது. அவர் நிற்கவே இல்லை. நியூயார்க்காரர் முத்துவேலை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

"அப்போ அது அண்ணனோட சொந்தச் சரக்கா?" அபிராமின் கண் விரிந்தது. "ஒரிஜினலைவிட நல்லா இருக்கு! எனக்கு எழுதித் தரணும்."

"ஸ்வந்தமா, முத்து சேட்டா?" அனில் ஓடி வந்தார். "அடிபொளி! இத்தனை நாள் சுக்குக் குடோன்ல ஒளிஞ்சிருந்தீங்களா? சொல்லுங்க, நீங்களே போட்டதா?"

முப்பது முகங்கள் அவரைப் பார்த்தன. இல்லை என்று சொல்லலாம். தட்டில் இருந்ததைத்தான் ஊதினேன் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் முன்னறை பிழைக்கும், அது அவர் நினைவிலேயே இல்லை. ஆனால் பதினெட்டு வருடம் கல்யாண ஊர்வலத்தில் ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே ஊதிய மனிதரிடம் இதுவரை யாரும் எழுதித் தரணும் என்று கேட்டதில்லை.

"ஆமா," என்றார் முத்துவேல். "நான் போட்டதுதான்."

கைதட்டல் எழுந்தது. எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரே ஒரு ஜோடிக் கை தட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசை.

"சகீலா, கேட்டியா?"

"கேட்டேன் அக்கா. கூடியிருக்கு."

அப்போதுதான் முத்துவேலுக்குப் பந்தயம் நினைவுக்கு வந்தது. குறையக் கூடாது. கூடவும் கூடாது. தீர்ப்பு அவர் வாயால்.

வீடு வரும் வழியெல்லாம் அவர் காதையே தடவிக்கொண்டு வந்தார். முன்னறை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இந்த இரண்டு காதால் தினமும் கேட்டது தட்டில் இல்லை என்றால், பிறகு எங்கே இருந்தது? பயமாக இருந்தது. பேய் பிடித்த தட்டை வாங்கிவிட்டோமோ என்றுகூட ஓர் எண்ணம் ஓடியது.

மாடிப்படியில் அவருடைய நாற்காலி இருந்தது. அதன்மேல் ரெக்கார்ட் பிளேயர், அதன்மேல் தட்டு. முன்னறையில் ஜன்னலோரம் நீள மேசை. அதன் பக்கத்தில் இரண்டு தையல் மெஷின். நடுவில் மஜீத் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, மேசை இங்க மதியா, போதுமா? இன்னும் தள்ளணுமா?"

"மதி மஜீத். சாயா குடிச்சிட்டுப் போங்க."

முத்துவேல் வாசலில் கல்லாக நின்றார். "மஜீத், இதெல்லாம் எப்ப கொண்டு வந்தீங்க?"

"நாலரைக்கே ஏத்தியாச்சு சேட்டா."

"நான் ஊத ஆரம்பிச்சதே அஞ்சரைக்கு!"

மஜீத் சாயாவை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

முத்துவேல் படிக்கட்டுக்குத் திரும்பிப் போய்த் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சாய்த்தார். நடுப்பகுதியில், வரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, தலைமுடி அளவில் ஒரு கீறல்.

"செல்வி... இது என்ன?"

"அதுவா?" செல்வலட்சுமி புது மேசையில் ஒரு சிவப்புப் பட்டுத்துணியை விரித்துக்கொண்டிருந்தாள். "துணி வெட்ட இடம் எங்க இருந்துச்சு? உங்க பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்துல விரிச்சு வெட்டினேன். தட்டை மூடி வைக்கற பழக்கமும் உங்களுக்குக் கிடையாது. கை தவறிடுச்சு. ரெண்டு நாளா எப்படிச் சொல்றதுன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். மூணாம் நாள் நீங்க காது பழுத்துடுச்சுன்னு கண்ணீரோட ஓடி வந்தீங்க."

முத்துவேலின் வாய் திறந்தது. சத்தம் பதினாறாம் வேகத்தில்கூட வரவில்லை.

செல்வலட்சுமி மெஷினில் உட்கார்ந்து நூல் கோத்தாள்.

"அபிராம் சாருக்கு எழுதித் தரணும் இல்ல? பேரைச் சரியாப் போட்டுக் குடுங்க. எட்டு இன்ச் கத்திரி."