குளித்துவிட்டுப் பேசலாம்

ஜீப்பை விட்டு இறங்கிய நிதி அதிகாரி, இன்ஜினியர் கையில் சுருட்டி வைத்திருந்த வரைபடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குளிக்கத் தண்ணி வருமில்ல?" என்றுதான் முதலில் கேட்டார்.

இன்ஜினியருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அந்த ஊர்த் தெருக்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குடிநீர் வாரியத்தின் பிரதானக் குழாய், அவர் பிறப்பதற்கு முன்பே புதைத்தது. துருப்பிடித்து, விரிசல் விட்டு, சேற்றைத்தான் சொட்டிக்கொண்டிருந்தது. புதுக் குழாய் போடப் பணம் கேட்டு அவர் அனுப்பிய திட்டங்களெல்லாம், நேரில் பார்த்த பிறகே முடிவு என்று திரும்பி வந்தன. இன்று தலைமை ஆபீஸிலிருந்து பார்க்க வேண்டியவரே வந்துவிட்டார். இவர் தலையாட்டினால் குழாய் வரும், இல்லையென்றால் சேறுதான். அதற்காகவே அந்தக் குழாயை நம்பியிருந்த ஒரு தெருவின் வாரிய விடுதியில் அவருக்கு அறை போட்டிருந்தார். மனிதர் துண்டைக் கட்டிக்கொண்டு குழாயைத் திருகட்டும், வெறும் காற்று வரட்டும், பிறகு வரைபடத்தை விரித்தால் போதும்.

"குளிச்சிட்டு வாங்க சார், அப்புறம் பேசலாம்" என்றார் இன்ஜினியர்.

குளியலறைக்குள் தண்ணீர் அருவியாகக் கொட்டியது.

விடுதி வாட்ச்மேன் பூரித்துப்போய் நின்றார். பெரிய மனுஷர் வரும்போது தண்ணீர் இல்லையென்றால் வாரியத்துக்குத்தானே அசிங்கம், அதனால் லாரியை வரவழைத்து மாடித் தொட்டியை நிரப்பிவிட்டாராம்.

"யாருய்யா உன்னை நிரப்பச் சொன்னது?"

"நீங்கதானே சார் நல்லா கவனிச்சுக்கச் சொன்னீங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு மாடிக்கு ஓடிய இன்ஜினியர், தொட்டியின் வால்வை இறுக்கி மூடினார். உள்ளே சத்தம் நின்றது. கண்ணெல்லாம் சோப்பு என்று அதிகாரி அலறினார். இதுதான் சார் எங்கள் நிலைமை என்று கதவுக்கு வெளியே நின்று சொல்வதற்காக இன்ஜினியர் மூச்சிரைக்க இறங்கி வந்தால், பக்கத்துக் கடைத் தையற்காரரும் தெருக்காரர்களும் ஆளுக்கொரு குடத்தோடு வரிசையில் நின்றார்கள். போன வாரம் தண்ணீர் இல்லையென்று ஆபீஸ் வாசலில் அவர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தியவர்கள் இதே ஆட்கள்தான்.

குடிக்கப் பிடித்து வைத்ததையா கொடுக்கிறீர்கள் என்று இன்ஜினியர் கேட்டார்.

"அது நமக்குள்ள சண்டை சார். வந்தவர்கிட்ட தண்ணி இல்லேன்னு சொல்ல முடியுமா?" என்றார் தையற்காரர்.

பளபளவென்று வெளியே வந்த அதிகாரி, தண்ணீர் பிரமாதம் என்றார். லாரித் தண்ணீர், குடத்துத் தண்ணீர் என்று இன்ஜினியர் தொண்டை வறளச் சொன்னது எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல் இன்ஜினியர் அவரைத் தெருக்கோடியிலிருந்த தன் வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே முற்றத்துக் குழாயைத் திறந்தார். அது இருமியது, செம்மண் நிறத்தில் ஒரு வாய் துப்பியது, அடங்கிவிட்டது. அதிகாரி முதல் முறையாகப் புருவத்தை உயர்த்தினார். இன்ஜினியருக்குத் தன் வீட்டுக் குழாயைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவசரமாக வரைபடத்தை மேசைமேல் விரித்தார்.

அப்போது அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "அலுப்பா வந்திருப்பீங்க. அண்டா நிறைய வெந்நீர் போட்டு வச்சிருக்கேன்."

அடுத்த தெருக் கிணற்றிலிருந்து விடியற்காலையிலேயே இடுப்பொடியச் சுமந்து வந்த தண்ணீர் அது. இன்ஜினியர் கண்ணாலேயே அவளை எரித்தார். அவள் கண்டுகொள்ளவில்லை.

அதிகாரி கைக்கடிகாரத்தைக் கழற்றி வரைபடத்தின்மேல் வைத்தார். "துண்டு இருக்காம்மா?"

"இப்பத்தானே சார் குளிச்சீங்க?"

"அது பச்சைத் தண்ணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அண்டாவைக் காலி செய்த பிறகுதான் வந்தார். இங்கே தட்டுப்பாடு இருப்பதாகத் தெரியவில்லை, முடிவு சொல்வது கஷ்டம், அடுத்த வாரம் இன்னொரு தடவை வந்து பார்க்கிறேன் என்று தலை துவட்டிக்கொண்டே சொன்னார்.

இன்ஜினியருக்குப் பொறுமை போய்விட்டது. வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது. "புள்ளகுட்டிங்க சேத்துத் தண்ணியக் குடிக்குது சார். அவங்க வாயைக் கட்டி வச்சிருந்த தண்ணிய ரெண்டு வேளை ஊத்திக்கிட்டு, தட்டுப்பாடு இல்லேங்கிறீங்களே, உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு போய் ஜீப்பில் உட்கார்ந்தார். மறந்துவிட்ட கடிகாரத்தை எடுக்க வந்த டிரைவர், இன்ஜினியரின் காதருகே குனிந்தார்.

"அய்யா மேல கோவப்படாதீங்க சார், எங்க தலைமை ஆபீஸ் குடியிருப்புல பைப்பு வெடிச்சு, மாத்தறதுக்கு நிதி கேட்டு அவர் எழுதினதே மூணு வருஷமா மேலிடத்துல தூங்குது, அது வர்ற வரைக்கும் குளிக்கிறதுக்குத்தான் நாங்க இப்படி ஊர் ஊரா ஆய்வுக்குப் போயிட்டிருக்கோம்."