பாரிவாக்கத்து மஞ்சள் தண்ணீர்

அந்த 1988-இல் பூந்தமல்லிப் பக்கம் காமாலை கண்டவர்கள் ஆஸ்பத்திரியைத் தேடவில்லை. பாரிவாக்கத்துக்கு பஸ் ஏறினார்கள். அங்கே கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்தார் வைத்தியர் சண்முகசுந்தரம்.

நோயாளியின் கைகளில் மூலிகைச் சாற்றைத் தேய்ப்பார். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவச் சொல்வார். தண்ணீர் பளிச்சென்று மஞ்சளாகும். காமாலை இறங்குகிறதாம். கண்ணெதிரே இறங்கும்போது எவன் சந்தேகப்படுவான்? ஏழு ஞாயிறு கழுவ வேண்டும். அதுவரை ஊசி, மாத்திரை எதுவும் ஆகாது, மூலிகை கோபித்துக்கொள்ளும். காணிக்கை போடாவிட்டாலும் கோபித்துக்கொள்ளும். அவ்வளவு ரோஷக்கார மூலிகை.

ஞானகுமாரி மூன்றாவது ஞாயிறாக வரிசையில் நின்றாள். அவள் தோளில் சாய்ந்திருந்தான் கணவன் கிறிஸ்துராஜ். கண் இரண்டும் மஞ்சள். இரண்டு நாளாக எந்நேரமும் தூக்கம். காலையில் அவளைத் தன் தங்கை என்று நினைத்துப் பேசினான். ஞானகுமாரி உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். மாமியார் சகாயம்மாள் மசியவில்லை. மாதா கோயில் பூசையைக்கூட விட்டுவிட்டு மகனை இங்கே இழுத்து வந்திருந்தாள்.

வரிசையில் சாட்சிக்குப் பஞ்சமில்லை. பூந்தமல்லியில் செருப்புக் கடை வைத்திருக்கும் உஸ்மான் கனி பாய், போன வருஷம் தனக்கு இங்கேதான் குணமானது என்று சொல்லி, நன்றிக்கு மாலையோடு வந்திருந்தார். பொன்னியம்மா தன் மருமகன் பிழைத்த கதையை இரண்டு தடவை சொன்னாள். பெரும்பாலான காமாலை சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

கழுவியும் பிழைக்காதவர்கள் உண்டா என்று ஞானகுமாரி கேட்டாள்.

பொன்னியம்மா யோசித்தாள். "எங்க தெருவுல பேபி ஊட்டுக்காரர் அஞ்சாவது வாரத்துல போய்ட்டாரு. அது விதி, இன்னா பண்றது."

பிழைத்தால் வைத்தியர், செத்தால் விதி. நல்ல ஏற்பாடுதான்.

ஞானகுமாரிக்குச் சுருக்கென்றது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் அவளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. புதிதாக அளவு பார்க்கும் கேஜ் ஒன்று வந்தால், தெரிந்தே ஒரு நல்ல பீஸையும் ஒரு கெட்ட பீஸையும் அதில் போட்டுப் பார்ப்பார்கள். இரண்டையும் கெட்டது என்று சொன்னால் கேஜைத் தூக்கி எறிய வேண்டியதுதான். பட்டறையில் இரும்பு ஆணிக்குக் காட்டிய அக்கறையைக் கட்டின புருஷனுக்குக் காட்டாமல் போனோமே என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

முறை வந்ததும் தன் கையை நீட்டினாள்.

"நீ நல்லாத்தானமா கீற?" என்றார் வைத்தியர்.

"அதுக்குத்தான் நீட்றேன்."

தேய்த்தார். கழுவினாள். மஞ்சள். உனக்கு உள்காமாலை என்று கூசாமல் சொன்னார் வைத்தியர். ஞானகுமாரி பாயைக் கூப்பிட்டாள். குணமாகி ஒரு வருஷமான மனிதர், குஷியாகத்தான் கையைக் கொடுத்தார். அதுவும் மஞ்சள். மிச்சம் மீதி இருக்கும் என்றார் வைத்தியர். பாயின் முகம் விழுந்துவிட்டது.

மனிதர்களைப் போட்டுச் சோதித்தால் இவர் ஏதாவது ஒரு காமாலை கண்டுபிடித்துவிடுவார் என்று ஞானகுமாரிக்குப் புரிந்தது. தண்ணீர்ப் பானைமேல் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள். சாற்றை அதன்மேல் தடவினாள். புதுச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கினாள்.

பளிச்சென்று மஞ்சள்.

"இதுக்கு ஈரல் எங்க கீது, வைத்தியரே?"

சாறும் சுண்ணாம்பும் சேர்ந்தால் மஞ்சளாகும். நடுவில் கை எதற்கு? வைத்தியருக்குத் திடீரென்று பூஜை வேளை நினைவு வந்து உள்ளே போனார். உள்ளே பூஜையறை இல்லை, பின்வாசல் இருந்தது. உஸ்மான் கனி பாய் மாலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிறிஸ்துராஜுக்கு ஆட்டோ பிடிக்க ஓடினார்.

"அத்தே, நீங்க டம்ளர ஏழு வாரம் கழுவிகினு இருங்க. நான் அவர ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன்," என்றாள் ஞானகுமாரி. சகாயம்மாள் மகனின் இன்னொரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா திட்டித் தீர்த்தார். கிறிஸ்துராஜ் பிழைத்தான். சகாயம்மாள் உடனே, இந்த ஆஸ்பத்திரி கைராசி ஆஸ்பத்திரி என்று பக்கத்துக் கட்டிலுக்குச் சாட்சி சொல்லத் தொடங்கினாள். ஞானகுமாரி தலையில் அடித்துக்கொண்டாள். ஒருவர் பிழைத்ததை வைத்து எதையும் நம்பக் கூடாது என்று எடுத்துச் சொன்னாள். டாக்டரம்மாவிடமே போய், இங்கே இதே நோயில் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ரிஜிஸ்தரைப் பிரித்து, பிழைத்தவர் இத்தனை, போனவர் இத்தனை என்று இரண்டையும் காட்டினார்.

சண்முகசுந்தரம் அடுத்த மாதமே நெமிலிச்சேரியில் கொட்டகை போட்டார். கூட்டத்துக்குக் குறைவில்லை, குணமானவர்கள் வரிசையாக வந்து சாட்சி சொன்னார்கள். செத்தவன் பஸ் ஏறி வந்து சொல்ல மாட்டான். அவனையும் கணக்கில் சேர்க்கத்தான் உங்கள் தலைக்குள் மூளை என்று ஒன்று வைத்திருக்கிறது.