பதினெட்டு அங்குல ஸ்பீக்கர் தொடர்பாக மச்சானுக்கு ஒரு விளக்கம்

சுனாபட்டி, பம்பாய்-22
6-10-1987

மதிப்பும் பிரியமும் உள்ள மச்சான் அப்துல் ரவூப் அவர்களுக்கு, ஜெயினுலாப்தீன் ஸலாம் கூறி எழுதுவது. இறைவன் அருளால் இங்கே நானும் உங்கள் தங்கை ஷரீஃபுன்னிசாவும் சுகம். மழை நின்று ஒரு வாரம் ஆகிறது. மேலப்பாளையத்தில் நீங்களும் சைனப் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பதை, கடிதத்தில் நீங்கள் என்னைத் திட்டியிருக்கும் வேகத்திலேயே தெரிந்துகொண்டேன். ஆறு பக்கம் நிறுத்தாமல் திட்டுவதற்கு உடம்பில் நல்ல தெம்பு வேண்டும். அது குறையாமல் இருக்க துஆ செய்கிறேன்.

உங்கள் பதிவுத் தபால் சனிக்கிழமை கிடைத்தது. இங்கிருந்து ஊருக்கு வந்த கணேசபாண்டியன் அண்ணாச்சி உங்கள் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, செம்பூரில் ஒரு ஹாலில் சடை சடையாக முடி தொங்கும் ஆப்பிரிக்காக்காரர்கள் நடுவே, கட்டடமே அதிரும் சத்தத்தில் உங்கள் தங்கை நின்றுகொண்டிருந்ததாகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். வருகிற 25ஆம் தேதி ஞாயிறு தாதரில் வந்து இறங்குவதாகவும், அவள் துணிமணிகளைக் கட்டிவைக்க வேண்டும் என்றும், அன்றைக்கே கையோடு கூட்டிப்போகப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மச்சான், ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தப்பு முழுக்க என்னுடையது. உங்கள் தங்கைக்கு இதில் ஒரு பங்கும் இல்லை.

நெஞ்சுச் சளிக்கு என்று மூன்று வருஷத்துக்கு முன் போட்ட ஊசிகளில் அவளுக்கு நெஞ்சு தேறியது, காது போனது. இது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை நான் உங்களுக்கு எழுதியதில்லை. தன் குரல் தனக்கே கேட்காததால் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் அரிசி எப்போது வரும் என்று கேட்டாள். கடைக்காரர் கையிலிருந்த தராசை நழுவவிடும் அளவுக்கு உரக்கக் கேட்டுவிட்டாள். வரிசையே சிரித்தது. சிரிப்பு காதில் விழாவிட்டாலும் கண்ணில் விழுந்துவிட்டதே. அன்றைக்கு வாயை மூடியவள்தான். சிறு வயதில் அவள் பேச்சை நிறுத்த நீங்கள் வேர்க்கடலை வாங்கிக் கொடுப்பீர்களாமே, அந்த வாயாடி இப்படி ஆகிவிட்டாள். பட்டறையிலிருந்து நான் கொண்டுவரும் பிளைவுட் துண்டுகளில் பென்சிலால் எழுதித்தான் எங்கள் வீட்டில் பேச்சு நடந்தது. நான் ஒரு துண்டு நிறைய எழுதுவேன். அவள் "ம்" என்று எழுதுவாள்.

இந்த நிலைமையில்தான் மன்சூர் அலி வந்தார். கீழக்கரைக்காரர், கப்பலில் சமையல் வேலை. கப்பல் போகிற ஊர்களில் எல்லாம் கேசட் வாங்கிச் சேர்க்கிற மனிதர். வெளிநாட்டில் தெருவில் அலமாரி உயரத்துக்கு ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடுகிறார்கள், அதே மாதிரி பெட்டி ஒன்று பதினெட்டு அங்குல ஸ்பீக்கருக்குச் செய்துதர வேண்டும் என்று கேட்டார். என்ன பாட்டு என்றேன். ரெகே என்றார். எனக்கு அது ரேக்ளா என்று காதில் விழுந்தது. மாட்டுவண்டிப் பந்தயத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய ஸ்பீக்கர் என்று யோசித்தபடியே அளவு குறித்துக்கொண்டேன். அது ஜமைக்கா என்கிற தீவுப் பாட்டு என்று பிறகுதான் தெரிந்தது. ஜூலை மழையில் குர்லாவில் என் பட்டறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதால் பலகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து வீட்டிலேயே செய்தேன். நாலரை அடி உயரம், மூன்றடி அகலம். பெட்டி அருமையாக வந்தது. முப்பது வருஷமாகத் தச்சு வேலை செய்கிற நான் வீட்டு வாசலின் அகலத்தை மட்டும் பார்க்கவில்லை. பெட்டி வெளியே போகாது என்று தெரிந்த அன்று இரவு நான் சாப்பிடவில்லை. உங்கள் தங்கை அதன்மேல் துணி விரித்து, பித்தளைச் செம்பு இரண்டையும் மாவுப் பாத்திரத்தையும் எடுத்து வைத்துவிட்டாள்.

மன்சூர் அலி ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் கேசட் டெக்கும் கொண்டுவந்தார். பெட்டி நகராது என்று நான் தலையைச் சொறிந்தேன். "பரவாயில்லை பாய், சத்தம் எப்படி இருக்குன்னு இங்கனயே பார்த்துருவோம்" என்று ஒயரை மாட்டி ஒரு கேசட்டைப் போட்டார். ஷரீஃபுன்னிசா பெட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் வந்ததும் செம்புகள் தாமாக நடந்து விளிம்புக்கு வந்தன. மாவுப் பாத்திரம் மன்சூர் அலியின் காலில் விழுந்தது. அவர் ஒரு காலில் குதிக்கிறார், நான் மாவை அள்ளுகிறேன், அந்தக் களேபரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்னங்க, யாரு பேசுறது?"

கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஆகியிருந்தது மச்சான், அந்தக் குரலை நான் கேட்டு. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் திரும்பி, பெட்டியின் பலகையில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள். "வயித்துக்குள்ள வந்து பேசுதுங்க. ரெண்டு அடி வைக்குது, நிக்குது, மறுபடி வைக்குது" என்றாள். மாவுக்கையோடு நான் நின்றேன். வெங்காயம் நறுக்கியது அவள், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டது நானும் மன்சூர் அலியும். மறுவாரம் அவருக்குக் கப்பல் அழைப்பு வந்தது. போகும்போது எல்லாச் சாமானையும் பதினொரு கேசட்டையும் விட்டுவிட்டு, "நான் திரும்பி வர்ற வரைக்கும் இவங்க கிட்டயே இருக்கட்டும் பாய்" என்றார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதல் தப்பு அது.

அதற்குப் பிறகு மதியம் லுஹர் தொழுது முடித்ததும் தினமும் ஒரு மணி நேரம் பெட்டி ஓடும். முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாள் சண்டைக்கு வந்துவிட்டாள். "இது என்னக்கா அநியாயம். செவுத்துல மாட்டுன முருகரு தலகீழா நிக்காரு. தயிர் ஒறைய மாட்டேங்கு. எம் வீட்டுக்காரருக்குக் கட்டுன பல்லு தம்ளருக்குள்ள கெடந்து ஆடுது" என்று வாசலில் நின்று கத்தினாள். ஷரீஃபுன்னிசாவுக்கு அது கேட்க வேண்டுமே. பார்வதியம்மாளின் வாய் அசைவதைப் பார்த்து, பாட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்ல வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு கையைப் பிடித்து உள்ளே இழுத்து அந்தக் கையைப் பெட்டியில் வைத்துவிட்டாள். பார்வதியம்மாள் மற்றக் கையையும் தானாகவே எடுத்து வைத்தாள். சற்று நேரம் கழித்து, "ஏ யக்கா, எங்க ஊரு கோயில் கொடையில உறுமி இப்பிடித்தான் அடிவயித்தக் கலக்கும்" என்றாள். பிறகு தயிர்ச்சட்டியை எங்கள் பெட்டிக்கு எதிர்ப்பக்கச் சுவருக்கு மாற்றிவிட்டு நாள் தவறாமல் வரத் தொடங்கினாள்.

அவளுடைய தம்பி இசக்கி தாராவியில் நையாண்டி மேளக் குழுவில் உறுமி வாசிக்கிறவர். அக்கா கூப்பிட்டாள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உறுமியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேசட் ஓடும்போது அவர் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்ததும், காட்டு மிருகம் ஒன்று கட்டிலுக்கு அடியில் முனகுவது போல் ஒரு சத்தம் எழுந்தது. மாடியிலிருந்த மராட்டிக்காரர் நிலநடுக்கம் என்று நினைத்துக் குழந்தைகளோடு கீழே இறங்கிவிட்டார். ஷரீஃபுன்னிசா ஒரு கையைப் பெட்டியிலும் இன்னொரு கையை உறுமியின் மரத்திலும் வைத்துக்கொண்டு இசக்கியிடம் சொன்னாள்: "தம்பி, நீங்க கொஞ்சம் அவசரப்படுறீங்க. பெட்டிக்குள்ள வாசிக்கிறவன் நிக்கிற எடத்துல நீங்களும் நிக்கணும்." இசக்கி இருபது வருஷமாக வாசிக்கிறவர். முகம் சுண்டிப்போனது. ஆனாலும் அவள் சொன்ன இடத்தில் நிறுத்தினார். நிறுத்தியதும் நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்படிப் பொருந்தியது.

ஆகஸ்டில் கொழும்பிலிருந்து மன்சூர் அலி கடிதம் போட்டிருந்தார். பம்பாயில் படிக்கிற கென்யா தேசத்துப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து ரெகே வாசிக்கிறார்கள், செம்பூரில் ஒரு ஹாலில் பகல் கச்சேரி வைத்திருக்கிறார்கள், பெட்டியை அன்றைக்கு அவர்களுக்குக் கொடுக்கவும் என்று எழுதியிருந்தார். பிள்ளைகள் வந்தார்கள். நல்ல உயரம், வாசலில் நாலு பேரும் தலையை இடித்துக்கொண்டார்கள். தொங்கும் முடியைப் பார்த்து நான் பயந்தது உண்மை. ஆனால் வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள், கொடுத்த புளிச்சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். பாஸ் கிதார் என்கிற நாலு கம்பிக் கிதாரை வாசிக்கிற பையன் பேர் ஒதியம்போ. பார்வதியம்மாள் முதல் நாளிலிருந்தே ஒதியப்பன் என்றுதான் கூப்பிடுகிறாள். அவனும் திரும்பிப் பார்க்கிறான். பெட்டியை வெளியே எடுக்கக் கதவையும் நிலையையும் கழற்றி, இரண்டு வரிசைச் செங்கலையும் பெயர்த்தேன். கைவண்டியில் ஏற்றிக் கட்டிவிட்டுப் பார்த்தால் ஷரீஃபுன்னிசா துப்பட்டி போட்டுக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். "பெட்டி போற எடத்துக்கு நானும் வருவேன்" என்றாள். பிளைவுட் துண்டில் "வேண்டாம்" என்று எழுதிக் காட்டினேன். அவள் அதை வாங்கி வண்டிச் சக்கரத்துக்கு அடைகொடுத்தாள்.

இனிமேல்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஹாலில் அவள் பெண்கள் வரிசையில், கடைசி நாற்காலியில், தலையை மூடி, கையில் தஸ்பீஹ் மணிமாலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவே இல்லை. பிள்ளைகள் வாசித்து ஓய்வெடுக்கும் நேரத்தில் கேசட் போட ஒரு ஆள் ஏற்பாடாகியிருந்தது. அந்த வேலை செய்பவருக்கு டீஜே என்று பேராம். அவருக்கு வயிற்றுப்போக்கு, வரவில்லை. சபை சும்மா உட்கார்ந்திருக்கிறதே என்று நான் மேடையேறி, நம் கேசட் டெக்கையும் ஹாலில் இருந்த இன்னொரு டெக்கையும் மாற்றி மாற்றி வைத்து, ஒரு பாட்டு அடங்குவதற்குள் அடுத்ததைக் கொண்டுவந்து, முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டேன். இசக்கி உறுமியோடு சேர்ந்துகொண்டார். சபை எழுந்து ஆடியது. இதெல்லாம் எனக்கு எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. கணேசபாண்டியன் அண்ணாச்சிக்குக் கண்ணில் புரை இருக்கிறது. மேடையில் நின்ற என்னை அவர் ஷரீஃபுன்னிசா என்று நினைத்திருக்கலாம்.

ஆகவே மச்சான், தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள். அவளைக் கூட்டிப்போக உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் அவள் காலையில் எழுந்ததும் பேசத் தொடங்கிவிடுகிறாள். மீன் சரியில்லை என்கிறாள், என் சட்டைப் பித்தானைப் பார்த்துத் திட்டுகிறாள். ஆறு மாதம் முன்பு நீங்கள் கூட்டிப்போயிருந்தால் வீட்டில் ஒன்றும் மாறியதாகத் தெரிந்திருக்காது. இப்போது கூட்டிப்போனால் நான் அந்த வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பேன் என்று தெரியவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பெட்டியை என் கையாலேயே பிரித்துப் பலகையாக்கிவிடுகிறேன். மன்சூர் அலிக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். கேசட் என்ற பேச்சே இனி எங்கள் வீட்டில் எழாது. இது சத்தியம். சைனப் அக்காவுக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு என் முத்தம். உங்கள் கோபமும் சர்க்கரையும் ஒருசேரக் குறைய இறைவன் துணை செய்வானாக.

பணிவுடன்,
ஜெயினுலாப்தீன்

பின்குறிப்பு: அண்ணனுக்கு ஷரீஃபுன்னிசா எழுதுவது. எழுத்துப்பிழை பார்த்துத் தரச்சொல்லி இவர் கடிதத்தை என்னிடம் கொடுத்தார். எழுத்துப்பிழை நாலுதான். மற்ற பிழைகளைக் கீழே திருத்தியிருக்கிறேன்.

நான் கடைசி நாற்காலியில் உட்காரவில்லை. மேடையில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். ஒதியம்போ என்னைப் பார்த்துவிட்டு, வாசித்துக்கொண்டே பக்கத்தில் வந்து கிதாரைத் தாழ்த்தி, "ஆண்டி, ஹாத் ரக்கோ" என்று வாயசைத்தான். அந்த மரத்தில் கையை வைத்தேன். கேசட்டில் கேட்பதற்கும் ஆள் நின்று வாசிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் மூச்சு விடுவதுகூட அதில் வந்தது.

கேசட் போட்டது இவர் அல்ல. இவர் பயந்துபோய் வெளியே கைவண்டிக்காரரோடு நின்றிருந்தார். போட்டது நான். சபைக்கு எந்தப் பாட்டு பிடித்திருக்கிறது என்று என் செருப்பில்லாத காலுக்குத் தெரியும், ஆடுகிறவர்களின் காலடி மேடைப் பலகை வரைக்கும் வந்து அதிரும். அதைப் பார்த்துப் பார்த்து அடுத்ததைப் போட்டேன். கணேசபாண்டியன் அண்ணாச்சிக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. முன்வரிசையில் கைலியை மடித்துக்கட்டி ஆடினார். அதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

இவர் பெட்டியைப் பிரிக்கப்போவதும் இல்லை. இரண்டாவது பெட்டிக்கு நேற்றே பலகை அறுத்துவிட்டார். இந்த முறை வாசலை அளந்திருக்கிறார்.

25ஆம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு அதே ஹாலில் மறுபடி கச்சேரி. இவர் தாதருக்கு வந்து உங்களை அழைத்துக்கொண்டு நேராக அங்கே வருவார். திட்டுவதற்கு வேண்டியதை எல்லாம் யோசித்துக்கொண்டு வாருங்கள். கச்சேரி தொடங்குமுன் உங்கள் கையில் மைக்கைத் தருவார்கள். நான் பெட்டியில் கை வைத்துக்கொண்டு நிற்பேன். உங்கள் குரல் எப்படி இருக்கும் என்பது கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு மறந்துகொண்டு வருகிறது அண்ணன். ஒரு தடவை மைக்கில் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அதற்கப்புறம் திட்டலாம்.